தோட்டத்து வேலியும் ஊராட்சி மன்றமும்

லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் அடைபட்டு நீர் தேங்கி நாறினால் யாரிடம் முறையிடுவது? விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் பெண்கள் இருட்டில் நடக்க அஞ்சினால் அவ்வச்சத்தைப் போக்கவேண்டியவர் யார்? திடலருகே இரவில் அந்நியர் கூடி அடாத செயல் புரிந்தால் அதற்குப் பொறுப்புக் காவல் துறையா, தோட்ட நிர்வாகமா, நகராண்மைக் கழகமா?

தோட்டங்களில் நாம் கூட்டம் நடத்தும்போதெல்லாம் இக்கேள்விகள் எழுகின்றன. கேட்பவர்கள் பெரும்பாலும் விடையையும் தாமே கூறிவிடுகிறார்கள். நிர்வாகத்திடம் போனால் மன்றத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். மன்றத்திற்குப் போனால், "அது தனியார் நிலம், நாங்கள் தலையிட இயலாது" என்று திருப்பி அனுப்புகிறார்கள். இரண்டு இடங்களுக்கும் நடந்து கால் ஓய்ந்து, பிறகு வாய் மூடிவிட்டவர்கள் பலர்.

'தனியார் நிலம்' என்னும் அந்த விடை பாதி உண்மையானது. எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி உண்மையன்று என்பதை அறிந்துகொண்டால் வீண் நடை குறையும். இவ்விதழில் அதையே பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

மன்றம் எங்கிருந்து வந்தது?

நம் நாட்டின் கூட்டரசு அரசமைப்புச் சட்டம் அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பிரித்து வைத்துள்ளது. காவல் துறை கூட்டரசின் பட்டியலில் உள்ளது. ஊராட்சி மாநிலத்தின் பட்டியலில் உள்ளது. ஆகவே நகராண்மைக் கழகமும் மாவட்ட மன்றமும் மாநில அரசின் கீழ் இயங்குபவை. காவல் நிலையம் கோலாலம்பூரிலுள்ள தலைமையகத்திற்குக் கட்டுப்பட்டது. மன்றத்தின் தலைவரால் ஒரு காவலரைக்கூட ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்கு அனுப்ப முடியாது. பிரிட்டனிலும் வேறு சில நாடுகளிலும் வட்டார மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் காவல் துறையைக் கண்காணிக்கும் ஏற்பாடு உண்டு. நம் நாட்டில் அந்த ஏற்பாடு இல்லை. இதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் திருட்டுக்கும் அடிதடிக்கும் மன்றத்திற்கு மனு எழுதி, மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

ஒரு காலத்தில் மன்ற உறுப்பினர்களை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். ஜார்ஜ்டவுனில் 1951ஆம் ஆண்டிலும் கோலாலம்பூரில் 1952ஆம் ஆண்டிலும் நகராண்மைத் தேர்தல்கள் நடந்தன. நாடு முழுவதற்குமான முதல் பொதுத்தேர்தல் 1955ஆம் ஆண்டில்தான் வந்தது. ஆகவே வாக்குச் சீட்டு நம் நாட்டு மக்களின் கைக்கு முதலில் வந்தது ஊராட்சியின் வழியாகத்தான். இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதலைக் காரணங்காட்டி 1965ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இத்தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில், மன்றங்களின் நடைமுறையை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. அதற்குத் தலைமை வகித்தவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். 1968ஆம் ஆண்டின் இறுதியில் நிறைவுற்ற அவ்வறிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட ஊராட்சியே தேவை என்று பரிந்துரைத்தது. அரசாங்கம் அப்பரிந்துரையை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தல் முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. தீபகற்பத்தில் அதுவரை இருந்த முந்நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட சிறு மன்றங்கள் ஒன்றிணைக்கப்பட்டு, எண்ணிக்கையில் குறைந்து, பரப்பில் விரிந்தன. அவ்வாறு விரிந்தபோதுதான் பல தோட்டங்கள் மன்ற எல்லைக்குள் வந்து சேர்ந்தன. நேற்றுவரை நகரத்துக்கு உரியதாக இருந்த மன்றம், வேலியோரம்வரை வந்துவிட்டது. ஆனால் வேலிக்குள் வாழ்ந்தவர்களுக்கு அதை எடுத்துச் சொன்னவர்கள் மிகக் குறைவு.

இன்று உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. தலைவரைத் தவிர்த்து எட்டுப் பேருக்குக் குறையாமலும் இருபத்து நால்வருக்கு மேற்படாமலும் இருப்பார்கள். ஒருவரின் தவணை மூன்றாண்டுகளுக்கு மேற்படாது. மீண்டும் நியமனம் பெறலாம். யாரை நியமிக்கலாம் என்பதற்குச் சட்டம் மூன்று தகுதிகளைக் கூறுகிறது. ஊராட்சித் துறையில் அனுபவம் உடையவர், தொழிலிலோ வணிகத்திலோ சிறப்புற்றவர், அல்லது அவ்வட்டாரத்தில் தம் சமூகத்தின் நலனை எடுத்துரைக்க வல்லவர். மூன்றாவது தகுதி நமக்கு முக்கியமானது. தோட்டத்து மக்களுக்காகப் பேசுவது உறுப்பினர் செய்யும் தருமம் என்று எண்ணிக் கைகட்டி நிற்பவர்கள் உள்ளனர். அவர் அங்கே அமர்ந்திருப்பதற்குச் சட்டம் சொல்லும் காரணங்களில் அதுவும் ஒன்று.

வேலிக்குள் வரும் சட்டம்

மேற்கூறிய 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80ஆம் பிரிவை வாசகர்கள் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மன்ற எல்லைக்குள் பொதுமக்களுக்குத் தொல்லை தரும் கேடு எதுவாயினும் அதை அகற்ற மன்றம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. அந்தக் கேடு பொது இடத்தில் இருந்தாலும் தனியார் இடத்தில் இருந்தாலும் இது பொருந்தும் என்றும் அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அடைபட்ட கால்வாய், நாற்றமெடுக்கும் குட்டை, குவிந்த குப்பை, உடல்நலத்திற்குக் கேடு தரும் வகையில் வளர்க்கப்படும் விலங்குகள் ஆகியவை அடுத்த பிரிவில் கேடுகளாகக் குறிக்கப்பட்டுள்ளன. அதற்குப் பொறுப்பானவருக்கோ நிலத்தின் உரிமையாளருக்கோ அறிவிக்கை அனுப்பி, அதனைச் சரிசெய்யுமாறு மன்றம் கட்டளையிடலாம். மீறினால் வழக்குத் தொடரலாம். ஆகவே லயத்துக் கால்வாயைப் பொறுத்தவரை 'தனியார் நிலம்' என்பது முறையான விடையாகாது. மன்றத்துத் தொழிலாளர் வந்து அந்தக் கால்வாயை வெட்டிச் சுத்தம் செய்வார்கள் என்பது இதன் பொருளன்று. நிர்வாகத்தைச் செய்யவைக்கும் அதிகாரம் மன்றத்திற்கு உண்டு என்பதே பொருள்.

கொசுவின் கதையும் இத்தகையதே. நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் 1975ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. மன்றத்தின் சுகாதாரப் பிரிவும் மாவட்டச் சுகாதார அலுவலகமும் இச்சட்டத்தின்படி எந்த வளாகத்திலும் நுழைந்து சோதனை செய்யலாம். கொசுப்புழு காணப்பட்டால் 500 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். ரப்பர்த் தோட்டத்தில் கொசு வளரும் இடம் எது என்று கேட்டால் பலர் கால்வாயைக் காட்டுவார்கள். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. தேங்கிய தெளிந்த மழைநீரையே நாடும். வெட்டாமல் விடப்பட்ட மரங்களில் நிமிர்ந்தபடி தொங்கும் பால் மங்குகள் அதற்கு மிகவும் ஏற்ற இடம். முட்டை கொசுவாக மாற ஒரு வாரமளவே போதும். ஓய்வில் விட்ட மரங்களின் மங்குகளைக் கவிழ்த்து வைக்க நிர்வாகம் ஆள் அனுப்பவேண்டும்; அனுப்பாவிடில் அது சுகாதார அலுவலகத்திற்குச் சொல்லத்தக்க குறையாகும். அதுபோலவே, நம் வீட்டு வாசலில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டைக்கு அபராதம் வந்தால் நிர்வாகத்தைக் குறைகூறிப் பயனில்லை.

கட்டடங்களும் இவ்வகையில் அடங்கும். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி, இடிந்து விழும் நிலையிலுள்ள கட்டடத்தைப் பழுதுபார்க்கவோ இடித்து அகற்றவோ உரிமையாளருக்கு மன்றம் ஆணையிடலாம். கைவிடப்பட்ட பழைய லயங்களும், ஆலை மூடப்பட்டபின் துருப்பிடித்து நிற்கும் கொட்டகைகளும், பிள்ளைகள் ஏறி விளையாடும் நீர்த்தொட்டிகளும் எத்தனையோ தோட்டங்களில் உள்ளன.

வேலிக்கு வெளியே நிற்பவை

விளக்கும் சாலையும் வேறு வகையைச் சேர்ந்தவை. பொதுச் சாலைகளுக்கு விளக்கு அமைப்பது மன்றத்தின் பணி. தோட்டத்துச் செம்மண் சாலை பொதுச் சாலையன்று. அது நிர்வாகத்தின் உடைமை. அங்கே கம்பம் நடவும், குழி மூடவும், குப்பை அள்ளவும் மன்றம் பொது வழக்கில் கடமைப்பட்டதன்று. 'தனியார் நிலம்' என்னும் விடை உண்மையாக இருப்பது இங்கேதான். பொதுச் சாலையிலிருந்து தோட்டத்துச் சாலை பிரியும் சந்திப்பு மட்டும் மன்றத்திற்கோ பொதுப்பணித் துறைக்கோ உரியதாக இருக்கும். பள்ளிப் பேருந்து நிற்கும் இடமும் பெரும்பாலும் அதுவே. ஆகவே விளக்குக் கேட்டு மனு எழுதுபவர்கள், "எங்கள் தோட்டத்திற்கு விளக்கு வேண்டும்" என்று எழுதாமல், சந்திப்பில் ஒரு மனுவும், உட்புறச் சாலைக்கு நிர்வாகத்திடம் வேறொரு மனுவுமாகப் பிரித்து எழுதுவதே தக்கது.

உட்புறத்தில் நிர்வாகம் அசையாவிட்டால் யாரை அணுகுவது? அதற்குத் தொழிலாளர் இலாகா உள்ளது. தொழிலாளரின் குறைந்தபட்ச வீடமைப்புத் தரத்தை வகுத்த 1966ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பதிலாக 1990ஆம் ஆண்டில் விரிவான சட்டம் வந்தது; 2019ஆம் ஆண்டின் திருத்தத்தால் அது மேலும் விரிந்தது. தொழிலாளருக்கு வீடு வழங்கும் தோட்ட முதலாளி குழாய் நீரும் மின்சாரமும் கிடைக்கச் செய்து, வீட்டைப் பழுதின்றிப் பராமரிக்கக் கடமைப்பட்டவர். இதை மேற்பார்வையிடுவது மன்றமன்று, தொழிலாளர் இலாகா. தொழிற்சங்கத்தில் உள்ளவர்கள் சங்கச் செயலாளர் வழியாகவும் அங்கே செல்லலாம்.

சுடுகாட்டைப் பற்றியும் இங்கே ஒரு சொல். இடுகாடும் மின்சுடலையும் அமைக்க மன்றத்திற்கு அதிகாரம் உண்டு. தோட்டத்துச் சுடுகாடோ பெரும்பாலும் தோட்டத்தின் நிலப்பட்டாவுக்குள்ளேயே இருக்கிறது. தனியே அளந்து ஒதுக்கப்படவில்லை. தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டமாகும்போது முதல் வழக்கு அங்கேதான் எழுகிறது. கோவிலுக்கும் இதே நிலைதான். விற்பனைப் பேச்சு காதில் விழுந்தவுடன் மாவட்ட நில அலுவலகத்தில் அந்த நிலம் எவ்வாறு பதிவாகியுள்ளது என்று விசாரிக்க வேண்டும். மண்வாரி இயந்திரம் வந்து நின்றபின் ஓடுவது காலந்தாழ்ந்த ஓட்டம்.

கடமை உண்டு, இழப்பீடு?

மன்றம் தன் கடமையில் தவறி, அதனால் கேடு விளைந்தால் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிய, தோட்டத்தை விட்டுச் சற்று வெளியே செல்ல வேண்டும். சிலாங்கூர், உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் என்னும் மூன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் இருந்தன. பின்புறக் குன்றிலிருந்து வடிய வேண்டிய நீர் முறையாக வடியாமல் மண்ணை நெகிழ்த்தியது. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் குன்று சரிந்து, பன்னிரண்டு மாடிகள் கொண்ட முதல் கட்டடம் விழுந்தது. 48 பேர் மாண்டனர். விழாது நின்ற மற்ற இரு கட்டடங்களின் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகமும் பிரதிவாதிகளில் ஒன்று. கழகத்தின் கவனக்குறைவின் பங்கு 15 விழுக்காடு என 2000ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் கணித்தது. ஆனால் 2006ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் கழகத்தை இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. கட்டட வரைபடங்களுக்கு அனுமதி அளித்ததையும் கட்டுமானத்தைச் சோதித்ததையும் காரணமாக்கி மன்றத்தின்மேல் வழக்கிட முடியாதவாறு, நாம் மேலே குறிப்பிட்ட 1974ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு பாதுகாப்பு எழுதப்பட்டுள்ளது.

இது கடுமையான தீர்ப்பு என்று அன்றே பலர் கருதினர். நமக்கும் அவ்வாறே தோன்றுகிறது. மேட்டைச் சீவி அதன் அடியில் கட்டிய லயங்களில் குடியிருப்போர் இதை அறிந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் மேட்டில் வெடிப்புக் காண்பதும், சுவரடியில் கலங்கல் நீர் கசிவதும், மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்வதும் மண் நெகிழ்வதன் அறிகுறிகள். கேடு நேர்ந்தபின் மன்றத்திடம் இழப்பீடு பெறலாம் என்று இருந்துவிட முடியாது. அறிகுறி கண்ட அன்றே நிர்வாகத்திற்கும் மன்றத்திற்கும் எழுதி, பிள்ளைகளை அப்பக்கத்து அறைகளில் படுக்கவைக்காமல் இருப்பதே செய்யத்தக்கது. உயிருக்கு உடனடி ஆபத்து எனில் 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தீயணைப்பு மீட்புத் துறை கூட்டரசைச் சேர்ந்தது. வேலி அதற்குத் தடையன்று.

மனு எழுதும் முறை

வாய்மொழியாகச் சொன்ன குறை காற்றோடு போய்விடும். மன்றத்துக் கடிதங்கள் தேசிய மொழியில் அமைவது வழக்கம். பள்ளி ஆசிரியரோ மேல்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளையோ எழுதித் தருவார்கள். ஒரு பக்கத்திற்கு மேல் வேண்டாம். எந்த இடம், எத்தனை வீடுகள், எந்த நாள் முதல், யாரிடம் எப்போது முன்னர்ச் சொல்லப்பட்டது என்பவை இருந்தால் போதும். "எங்களைக் கேட்பார் இல்லை" என்று தொடங்கும் மனுக்களை நாம் நிறையக் கண்டிருக்கிறோம். அவற்றின் துயரம் உண்மையானது. ஆனால் எந்தக் கால்வாய் என்று படிப்பவருக்கு விளங்குவதில்லை. இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை முகப்பில் கொடுத்து, மற்றொன்றில் நாளிட்டுச் சாப்புக் குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். பல மன்றங்களில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு வட்டாரம் ஒதுக்கப்பட்டிருக்கும். உங்கள் வட்டாரத்து உறுப்பினர் யார் என்று அதே முகப்பில் கேட்டு, அவருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் படிகள் அனுப்பலாம்.

பலரும் அறியாத ஒன்று: மன்றத்தின் முழுக்கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தது என்று ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவு கூறுகிறது. செயற்குழுக் கூட்டங்களுக்கு இவ்வுரிமை தானாக இல்லை. கூட்ட நாளை முன்கூட்டிக் கேட்டறிந்து, இருவர் மூவராகச் சென்று அமைதியாக அமர்ந்து கேட்கலாம். அங்கே பேசும் உரிமை பார்வையாளருக்கு இல்லை. ஆனால் மனு அனுப்பியவர்கள் பார்வையாளர் இருக்கையில் அமர்ந்திருக்கிறார்கள் என்பது உறுப்பினருக்குத் தெரிந்தால், பேசப்படாமல் இருந்த பொருள் பேசப்படுவதுண்டு.

காவல் நிலையத்தில்

திருட்டு, தாக்குதல், மிரட்டல், போதைப்பொருள் ஆகியவற்றுக்கு நேரே காவல் நிலையம் செல்ல வேண்டும். தோட்டத்து ஜாகா காவலர் ஆகமாட்டார். அவரிடம் சொன்னது புகாராகாது. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டி, கையொப்பம் பெற வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் விதி. வாசித்துக் காட்டியது விளங்காவிட்டால் விளங்கும்வரை கையொப்பம் இடாதீர்கள். புகாரின் படியைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்.

அதன்பின் ஒன்றுமே நடக்கவில்லை என்பதே நாம் கேட்கும் பெரிய மனக்குறை. இதற்கும் வழி உண்டு. அச்சட்டத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட 107ஏ பிரிவின்படி, புகார் கொடுத்து நான்கு வாரங்கள் கழிந்தபின், விசாரணை எந்த நிலையில் உள்ளது என்று புகார் கொடுத்தவர் கேட்கலாம். கேட்ட நாளிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் காவல் நிலையப் பொறுப்பதிகாரி தெரிவிக்க வேண்டும். சிறு குற்றங்கள் சிலவற்றுக்கு இது பொருந்தாது. காவலரின் நடத்தையிலேயே குறை உண்டெனில், 2023ஆம் ஆண்டு ஜூலை முதல் இயங்கும் காவல் துறை நடத்தை மீதான சுயேச்சை ஆணையத்திற்கு எழுதலாம்.

காவல் துறைமீது மன்றத்திற்கு அதிகாரம் இல்லை என்றோம். ஆயினும் குற்றம் நிகழ இடந்தராதபடி இடத்தைச் சீராக்குவதில் மன்றத்தின் பங்கு பெரியது. 2004ஆம் ஆண்டில் தொடங்கிய பாதுகாப்பான நகரத் திட்டத்தின் கீழ், மன்றங்கள் விளக்குகளும் கண்காணிப்புக் கருவிகளும் பொருத்தி, நடைபாதையைச் சாலையிலிருந்து பிரித்து, புதர்களை வெட்டி வந்துள்ளன. ஓரிடத்தில் மூன்று முறை பறிப்புச் சம்பவம் நடந்ததாகக் காவல் நிலையத்தில் புகார் எண்கள் இருந்தால், அவ்விடத்திற்கு விளக்குக் கேட்கும் மனுவில் அந்த எண்களைக் குறிப்பிட வேண்டும். புகார் கொடுக்காமல் விட்ட சம்பவத்தை எந்த அலுவலகமும் கணக்கில் சேர்க்க முடியாது. பெண்கள் அவமானம் கருதிப் புகார் கொடுக்க மறுக்கும் இடங்களில் மாதர் பகுதியினர் துணைக்குச் செல்லலாம்.

ருக்குன் தெத்தாங்கா 1975ஆம் ஆண்டில் தொடங்கியபோது, இரவில் ஆண்கள் முறைவைத்து ரோந்து சுற்றுவது கட்டாயமாக இருந்தது. தோட்டங்களில் வயது முதிர்ந்தவர்களுக்கு அது நன்கு நினைவிருக்கும். 2012ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் இன்று ரோந்து விருப்பப் பணியாக உள்ளது. குடியிருப்பாளர்கள் ஒன்றுகூடி ஒற்றுமைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். ரோந்து செல்பவர்கள் காவல் நிலையத்துடன் தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும்; சந்தேகத்திற்குரியவரைப் பிடித்தால் அடிக்காமல் உடனே காவலரிடம் ஒப்படைக்க வேண்டும். தோட்டத்திற்குள் ரோந்து சுற்ற நிர்வாகியின் ஒப்புதலை எழுத்தில் பெற்றுக்கொள்வது நலம். வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் லயங்கள் இருப்பின், ரோந்து தொடங்குமுன் அவர்களிடமும் செய்தியைச் சொல்லி, எத்தனை மணிக்கு யார் வருவார்கள் என்பதைத் தெரிவித்துவிட வேண்டும்.